ஓவியர் கொண்டையராஜுவும் காலண்டர்ச் சித்திரமும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் வழியே மலையடிவாரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எந்தக் கடையினுள் நுழைந்தாலும், கல்லாப்பெட்டிக்கு மேலே காலண்டர் ஒன்று தொங்கக் காணலாம். மளிகைக்கடையாயினும், உரக்கடையாயினும், போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரியின் கிட்டங்கியாயினும் இவ்வழக்கம் மாறுவதில்லை. மேற்பகுதியில் தெய்வத்தின் திருவுருவம் இருக்கும். அதன்கீழ் அதனை வழங்கிய கடையின் பெயர் இருக்கும். அதற்குங் கீழே நாள்தோறும் கிழிக்கும் தேதித்தாள் இருக்கும். கடைக்காரர் காலையில் வந்ததும் தேதியைக் கிழிப்பார். ராகுகாலம் எந்நேரம் என்று பார்ப்பார். ஊதுவத்தியை ஏற்றிப் படத்திற்குக் காட்டிக் கும்பிடுவார். ஆனால் அப்படத்தை எழுதிய ஓவியர் யாவர் என்று வினவுவார் மிகச் சிலரே. படத்தின் அடிமூலையில் சிற்றெறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு கையெழுத்து இருப்பதை நம்மிற் பலர் கண்டதுமில்லை.

அம்மூலையில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த பெயர்களுள் தலையாயது சி. கொண்டையராஜு என்பது. தமிழ்நாட்டில் விளம்பரச் சித்திரம் என்னுங் கலை வேரூன்றிய காலத்தில், அதனைத் தம் வாழ்வின் தொழிலாகக் கொண்டு, மாணவர் பலரையும் அதிற் பழக்கிய பெரியார் இவர். இவருடைய வரலாற்றையும், இவர் கலை எவ்வாறு நம் பள்ளத்தாக்கின் வீட்டுச்சுவர்களை வந்தடைந்தது என்பதையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் விளம்பரச் சித்திரத்தின் பிறப்பை அறிதல் நலம். 1796ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சார்ந்த அலோய்ஸ் செனபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே இம்முறைக்கு அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த கரிக்கோலால் சித்திரத்தை எழுதிப் பின் கல்லை நீரால் நனைத்தால், எழுதிய இடம் நீரை ஏற்காது. எழுதாத இடம் ஏற்கும். அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால் எழுதிய இடத்தில் மட்டும் மை பற்றும். தாளை வைத்து அழுத்தச் சித்திரம் தாளில் இறங்கும். ஒவ்வொரு வர்ணத்திற்கும் ஒவ்வொரு கல்லாகப் பல கற்களை அமைத்து, ஒரே தாளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் அச்சிட்டால் பல வர்ணச் சித்திரம் கிடைக்கும். ஓவியனின் கைவேலை ஆயிரக்கணக்கான பிரதிகளாகப் பெருகுவதற்கு இம்முறையே வழி திறந்தது.

இதனை வியாபாரத்திற்குப் பயன்படுத்தி உலகப்புகழ் பெற்றவர் பாரிஸ் நகரத்து ஜூல் ஷெரே என்பவர். 1836இல் பிறந்து, இளமையிலேயே கல்லச்சுக் கூடத்தில் வேலை பழகி, 1866இல் பாரிஸில் தமக்கென அச்சுக்கூடம் அமைத்துக்கொண்டார். நாடகசாலை, விளக்கெண்ணெய், பானங்கள் முதலியவற்றிற்காக இவர் எழுதிய சுவர் விளம்பரங்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. 1890இல் பிரெஞ்சு அரசாங்கம் இவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. ஆயினும் ஷெரேயின் சித்திரங்கள் வீதிச்சுவருக்கு உரியவை. மழை பெய்தால் கரையும். அடுத்த மாதம் வேறொரு தாள் மேலே ஒட்டப்படும். நம் நாட்டிலோ விளம்பரச் சித்திரம் வீதியைவிட்டு வீட்டினுள் புகுந்து, பூஜையறையிலும் இடம்பெற்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று?

அதற்குரிய வித்து திருவாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848இல் தோன்றிய ராஜா ரவிவர்மாவால் இடப்பட்டது. மேனாட்டு எண்ணெய்ச் சித்திர முறையில் நம் தெய்வங்களையும் இதிகாச மாந்தரையும் எழுதிப் புகழ்பெற்ற இவர், 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அரண்மனைகளில் மட்டும் தொங்கிய திருமகளும் கலைமகளும் அதுமுதல் சாமானியர் வாங்கும் தாட்படங்களாயினர். இப்படங்களை மக்கள் கிழித்தெறியாமல் போற்றிக் காப்பதைக் கண்ட வியாபாரிகள், தம் சரக்கின் பெயரையும் தெய்வப்படத்தையும் ஒரே தாளில் இணைக்கலாயினர். சவுக்காரமும் குழந்தை மருந்தும் விற்ற அயல்நாட்டுக் கம்பெனிகளும் இவ்வழியைப் பின்பற்றின. சரக்கைப் புகழும் தாளை மக்கள் எறிந்துவிடுவர். சாமிப்படத்தை எவரும் எறியார் என்பது அவர்கள் கண்ட உண்மை.

தென்பாண்டி நாட்டில் இதற்குரிய அச்சுத்தொழில் சிவகாசியில் வளர்ந்தது. அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டளவில் அதனை அங்கே தொடங்கினர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் சித்திரத்தாள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். வெளியூரிலிருந்து அதனை வருவிப்பதைவிட உள்ளூரிலேயே அச்சிடல் லாபமென்று 1920களின் பிற்பகுதி முதல் கல்லச்சுக்கூடங்கள் அங்கே எழுந்தன. சிறு தாளை அச்சிட்ட இயந்திரத்திற்குப் பெருந்தாளும் அரிதன்று. ஆகவே காலண்டர்த் தொழிலும் அங்கே பெருகிற்று. அச்சுக்கூடம் உண்டு, வாங்கும் வியாபாரியும் உண்டு, சித்திரம் எழுத வல்லவரே தேவையாயினர். அத்தேவையை நிறைவேற்றியோருள் முதன்மையானவர், அண்மையிலுள்ள கோவிற்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு.

கொண்டையராஜு 1898ஆம் ஆண்டில் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்பவரால் தொடங்கப்பெற்ற அப்பள்ளியில் மேனாட்டு முறைப்படி ஒளி, நிழல், தூரம் ஆகியவற்றைக் காட்டி எழுதும் பயிற்சி அளிக்கப்பட்டது. அங்குத் தேறியோர்க்கு உத்தியோகம் கிடைப்பது அருமையன்று. ஆயினும் இவர் உள்ளம் உத்தியோகத்தை நாடவில்லை. துறவு மனப்பான்மை மேலிட்டுத் திருவண்ணாமலை சென்று, ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பின்னர் உலக வாழ்விற்குத் திரும்பினாரேனும் இறுதிவரை மணஞ்செய்து கொள்ளாமலே வாழ்ந்தார். விளம்பரச் சித்திரம் என்றதும் ஆடம்பரத்தையும் பணவேட்கையையும் எண்ணுவோர், அக்கலையின் தமிழ்நாட்டு ஆசான் இத்தகைய துறவியுள்ளம் படைத்தவர் என்பதை அறிந்தால் வியப்படைவர்.

ஆசிரமத்தைவிட்டு வந்தவருக்கு வாழ்வளித்தது நாடக மேடை. அக்காலத்து நாடகக் கம்பெனிகள் ஊரூராகச் சென்று கொட்டகையிட்டு நடித்தன. ஒவ்வொரு காட்சிக்கும் பின்னே தொங்கவிட ராஜசபை, நந்தவனம், கானகம், வீதி, கைலாயம் என்று வெவ்வேறு திரைச்சீலைகள் வேண்டும். இத்திரைகளை எழுதும் வேலையில் கொண்டையராஜு அமர்ந்தார். 1942ஆம் ஆண்டளவில் அவர் வேலை பார்த்த கம்பெனி கோவிற்பட்டியில் கலைந்துபோக, அவரும் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். ஒரு கம்பெனி கலைந்தது அன்றைக்கு அவருக்குத் துன்பமாகவே இருந்திருக்கும். ஆனால் அதனாலேயே கோவிற்பட்டி சித்திரக்காரர் ஊராயிற்று.

திரைச்சீலை எழுதிய கை காலண்டருக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்தது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். நாடகத்திரை கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும். எனவே வர்ணம் தெளிவாகவும் கோடு திட்டமாகவும் இருத்தல் அவசியம். நடுவே நடிகர் நிற்பதற்கு இடம்விட்டு, இருமருங்கும் தூணோ மரமோ நிறுத்திப் பின்னே தொலைவில் மலையும் மேகமும் காட்டுவது வழக்கம். இனிக் காலண்டர்ப் படமொன்றை நினைவிற் கொள்க. முருகன் வேலுடன் நேர்முகமாக நிற்பான்; பின்னே நீலமலை தோன்றும்; இருபுறமும் தூணோ சோலையோ இருக்கும். திருமகள் தாமரைமீது வீற்றிருப்பாள். அவளுக்குப் பின்னே குளமும் மாளிகையும் தோன்றும். நாடகத்திரையின் முன் நடிகன் நின்ற இடத்தில் தெய்வம் வந்து நிற்கிறது. அதன் விழிகள் பக்கவாட்டிற் செல்லாமல் பார்ப்பவனையே நோக்குகின்றன. கோயிலில் கர்ப்பக்கிருகத்தின்முன் நிற்பவன் விரும்புவதும் அந்நோக்கந்தானே? கலைப்பள்ளியில் கற்ற ஒளிநிழலும், மேடையிற் பழகிய அமைப்பும், ஆசிரமத்திற் பெற்ற பக்தியும் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடியதே கொண்டையராஜுவின் பாணி எனலாம். மீனாட்சி திருக்கல்யாணம் முதலிய அவருடைய படங்கள் இதற்குச் சான்று.

இவருடைய தொழில் தனியொருவரோடு நின்றுவிடவில்லை. கோவிற்பட்டியில் இவரிடம் பயின்ற டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் முதலியோர் பின்னாளில் தத்தம் பெயராலே புகழடைந்தனர். குருவின் பெயரும் மாணவர் பெயரும் ஒருங்கே காணப்படும் படங்களும் உள. பழைய சிற்பாசாரிகளின் பட்டறையில் தந்தையும் மகனும் ஒரே விக்கிரகத்தில் கைவைப்பதுபோல, இங்கும் ஒரே தாளில் இருவர் உழைத்தனர். பிறர் பெயரைத் தம் பெயருக்கருகே எழுதும் பெருந்தன்மை கலைஞரிடையே எளிதிற் காணப்படுவதன்று.

இனி, எழுதிய சித்திரம் கடைக்கு எவ்வாறு செல்கிறது என்பதைக் காண்போம். அச்சுக்கூடத்தார் ஓவியரிடமிருந்து மூலப்படத்தைப் பெற்றுக்கொள்வர். தொடக்கத்தில் கல்லிலும், பிற்காலத்தில் காமிராவின் துணையால் உலோகத் தகட்டிலும் ஏற்றி அச்சிடுவர். படத்தின்கீழ் வெற்றிடம் விட்டிருக்கும். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாகும். ஏஜெண்டுகள் அவற்றைச் சுமந்து ஊரூராகச் செல்வர். தேனிக் கடைக்காரரோ கம்பத்து வியாபாரியோ ஏடுகளைப் புரட்டி, தம் குலதெய்வத்தையோ, வாடிக்கைக்காரர் விரும்பும் தெய்வத்தையோ தெரிந்தெடுத்து எண்ணிக்கையைச் சொல்வார். பின்பு அவ்வெற்றிடத்தில் அவர் கடைப்பெயர் அச்சாகும். ஒரே முருகன் சின்னமனூரில் அரிசிக்கடைக்கும் வேறோர் ஊரில் நகைக்கடைக்கும் விளம்பரமாவான். ஆண்டுப்பிறப்பிற்குச் சற்று முன்பின்னாக, வாடிக்கைக்காரர்களுக்கு அவை இலவசமாக வழங்கப்படும்.

இலவசம் என்னும் இச்சொல்லைச் சிறிது நின்று கவனித்தல் வேண்டும். இக்கலையின் உயிர்நிலை அதிலேதான் உள்ளது. கோயிற் கதவுகள் எல்லார்க்கும் திறந்திராத காலம் ஒன்று இருந்தது. 1899ஆம் ஆண்டில் சிவகாசியில் நிகழ்ந்த பெருங்கலவரத்திற்குக் கோயில் நுழைவுரிமை பற்றிய பூசலும் ஒரு காரணம். நாடார் வகுப்பினர்க்கு அன்று அவ்வுரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றபின்னரே அங்கே நிலைமை மாறலாயிற்று. மறுக்கப்பட்டவர்களின் ஊரே தெய்வத் திருவுருவங்களை அச்சிட்டு நாடெங்கும் வழங்கும் ஊராக ஆனது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று. மதுரைக் கோயிலின் வாயிலில் தடுக்கப்பட்ட குடியானவனின் மகன், கொண்டையராஜு எழுதிய மீனாட்சி கல்யாணத்தைத் தன் கூரைவீட்டுச் சுவரில் மாட்டிக் கண்குளிரக் கண்டான். அதற்கு அவன் காசு கொடுக்கவில்லை. எவரிடமும் அனுமதி கேட்கவுமில்லை. உரம் வாங்கிய கடையில் ஒரு காலண்டர் கேட்டுப் பெற்றான், அவ்வளவே.

விளம்பரம் என்றால் பொய்யும் ஆரவாரமும் என்று இகழ்வோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. வியாபாரி தன் லாபத்தைக் கருதியே கொடுத்தான் என்பது மெய். ஆனால் அவன் லாபத்தைக் கருதியதனாலேயே, காசில்லாதவன் வீட்டிற்கும் அப்படம் சென்றது.

நம் பள்ளத்தாக்கில் ஆண்டு முடிந்தபின் காலண்டருக்கு நேர்வதைக் கவனித்தால் இன்னுமோர் உண்மை புலப்படும். தேதித்தாள்கள் தீர்ந்துவிடும், படம் மட்டும் எஞ்சும். அதனை எறிய மனமின்றி, வீட்டிலுள்ள பெண்மக்கள் கத்தரிக்கோலால் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுவர். வெட்டப்பட்ட பகுதியோடு கடையின் பெயர் போகும். கையெழுத்து அவ்விளிம்பில் இருந்தால் ஓவியர் பெயரும் உடன்போகும். சட்டத்தின் மரம் அதனை மறைத்துவிடுவதும் உண்டு. காசு கொடுத்தவனும் போனான், எழுதியவனும் போனான், தெய்வம் மட்டும் சுவரில் நின்றது. விளம்பரமாகப் பிறந்தது இப்போது எதனையும் விளம்பரஞ் செய்யாமல், மஞ்சளும் குங்குமமும் ஏற்று விளங்குகிறது.

தெய்வங்களுக்கு மட்டுமா இவ்விடம்? 1895இல் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிமுடித்து இப்பள்ளத்தாக்கிற்கு நீர் கொணர்ந்த இன்ஜினீயர் ஜான் பென்னிகுயிக்கின் படத்தை நம் விவசாயிகள் பலர் சாமிப்படங்களின் வரிசையிலே மாட்டியிருப்பதை யாவரும் அறிவர். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அவருக்கு அரசாங்கத்தார் மணிமண்டபம் எடுத்தது 2013ஆம் ஆண்டில். அதற்கு நெடுநாள் முன்பே வீட்டுச்சுவர் அவருக்கு மண்டபமாயிற்று. மேனாட்டு உடையணிந்த ஒரு வெள்ளையர் மயில்வாகனனுக்கு அருகே தொங்குவது அயலூரார்க்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நன்றிக்குரிய முகம் நாள்தோறும் கண்முன் இருத்தல் வேண்டும் என்னும் வழக்கத்தைக் காலண்டர்ச் சித்திரம் நம் மக்களிடையே வேரூன்றச் செய்ததன் விளைவே அது.

இக்கலைமீது கூறப்படும் குறைகளையும் மறைத்தல் தகாது. ஒரே அச்சு நாடெங்கும் பரவியதால் ஊர்தோறும் வெவ்வேறாக இருந்த தெய்வ வடிவங்கள் ஒரே முகச்சாயலை அடைந்தன என்று கூறுவர். இது பெரும்பாலும் உண்மையே. கிராமத்துக் குயவர் சமைத்த மண்ணுருவத்திலிருந்த வீறு, புன்னகை பூத்த செந்நிறக் காலண்டர் முகத்தில் இல்லை. தஞ்சாவூர்ப் பலகைப்படம் எழுதியோர் பலர் அச்சுப்படத்தின் மலிவைக் கண்டு தொழில் குன்றியதும் உண்டு. மேலும், விற்பனைக்கு ஏற்றது எதுவோ அதனையே மீண்டும் மீண்டும் எழுதவேண்டிய நிர்ப்பந்தம் ஓவியனின் கற்பனையைக் கட்டிவிடும். இவற்றை ஒப்புக்கொள்ளும்போதே, வேறொன்றையும் நினைவிற் கொள்ளல் நியாயம். பலகைப்படம் செல்வர் இல்லங்களுக்கு உரியதாயிருந்தது. காலண்டர் எல்லார்க்கும் உரியதாயிற்று. எதனை இழந்தோம், எதனைப் பெற்றோம் என்று தராசில் இடும்போது, இரு தட்டுகளையும் பார்த்தல் வேண்டும்.

கொண்டையராஜு 1976ஆம் ஆண்டில் காலமானார். அவர் எழுதிய படங்களின் பிரதிகள் எத்தனை இலட்சம் சுவர்களில் தொங்கினவோ கணக்கிடுவார் இலர். பாரிஸ் நகரத்து ஷெரேயின் தாள்களை அரும்பொருட்காட்சிச் சாலைகள் பெருவிலை கொடுத்து வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்துள்ளன. நம் ஓவியரின் தாள்கள் இன்றும் சமையற்புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்து பல வீடுகளில் மங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய படம் மங்கினால் புதியது மாட்டப்படும்; பழையது ஆற்றிலோ கிணற்றிலோ மரியாதையுடன் விடப்படும். பக்திக்கு அது முறை. கலைவரலாற்றிற்கோ அது பெருநஷ்டம். இக்காலத்தில் கணிப்பொறியில் அமைக்கப்படும் படங்கள் பலவற்றில் மூலையிற் கையெழுத்தே இருப்பதில்லை. எழுதியவர் பெயரை வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் இப்போது வேண்டாமற் போயிற்று.

ஆசிரமத்தில் தங்கித் துறவை விரும்பிய கொண்டையராஜு தம் பெயர் மறைவதைப் பற்றிக் கவலையுறாதிருந்திருக்கலாம். அது அவருக்குப் பெருமை. அவர் பெயரை நாம் மறப்பது நமக்குப் பெருமையாகாது. ஆகவே விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவ அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்வோம். வீட்டுச்சுவரிலோ, பாட்டியின் மரப்பெட்டியிலோ, ஊர்க்கடையின் பரண்மீதோ பழைய காலண்டர்ப் படம் ஏதேனும் இருப்பின், அதனை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து அடிமூலையைத் துடைத்துப் பாருங்கள். பெயர் தெரிந்தால் எழுதி வையுங்கள். அப்படம் எந்த ஆண்டில், எந்தக் கடையிலிருந்து வந்தது என்று வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டு அதனையும் குறித்து வையுங்கள். நாள்தோறும் நம் பாட்டிமார் கைகூப்பி நின்ற முகத்தை எழுதிய கை எவருடையது என்று அறிந்துகொள்ளுதல், அக்கைக்கு நாம் செலுத்தக்கூடிய மிகச் சிறிய வணக்கமாகும்.